வீட்டு இலக்கம் 8

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்வதேச இளைஞர் மாநாடுகளுக்கு மலையகப் பிள்ளைகள் விண்ணப்பிப்பதே இல்லை, அவர்களுக்குத் தன்னம்பிக்கை போதாது என்று இரண்டு ஞாயிறுகளுக்கு முன் உங்கள் பத்திரிகையில் ஒருவர் எழுதியிருந்தார். கட்டுரையை என் மகள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். முடித்ததும் சிரித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் விண்ணப்பித்தவள். தெரிவும் ஆனவள். ஏன் போகவில்லை என்பதை அந்தக் கட்டுரையாளர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருபத்தேழு வருடம் தபால் சுமந்தவன். அரசாங்கத் தபால்காரன் என்று எண்ணிவிட வேண்டாம். காலையில் உப தபாலகத்துக்கு மூன்று மைல் நடந்துபோய், தோட்டத்துக் கடிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்து தோட்டக் காரியாலயத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு எனக்கு ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போடுவார்கள். கிளார்க் ஐயா பிரித்துத் தந்த பிறகு, வரிசையாக ஒட்டியிருக்கும் தொழிலாளர் வீடுகளுக்கு, லயம் லயமாக நான் கொண்டுபோவேன். அவருக்கு நேரமில்லாத நாட்களில் கடிதங்கள் ஜன்னல் கட்டையில் கிடக்கும். மழைச்சாரலில் நனைந்து, மை கரைந்து, காய்ந்து கிடந்த கடிதங்களையும் கொடுத்திருக்கிறேன்.

உறைகளில் எழுதியிருப்பது பெயரும் தோட்டத்தின் பெயரும்தான். அந்தத் தோட்டப் பெயரும் இரண்டு. காகிதத்தில் வெள்ளைக்காரன் வைத்தது, வாயில் எங்கள் பாட்டன்மார் வைத்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் ஓர் எழுத்துக்கூடப் பொருந்தாது. லெட்சுமி என்ற பெயரில் மட்டும் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் இருவருக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒன்றே. அனுப்பியவரின் ஊரைப் பார்த்து, எந்த லெட்சுமியின் மகன் எந்த ஊரில் வேலை செய்கிறான் என்பதை நினைவில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அதை நான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2011ஆம் ஆண்டு அந்த நினைப்பு போயிற்று. ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வுக்கு ஒரு பையனுக்கு அழைப்பு வந்தது. அதே பெயரில் மேற்பிரிவில் இன்னொருவன் இருந்தான். நான் முதலில் மேலே கொண்டுபோய்விட்டேன். அவன் வீட்டில் இல்லை. தாயாருக்கு வாசிக்கத் தெரியாது, வாங்கி சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் கடிதத்தை மீட்டு உரியவனிடம் கொடுத்தபோது, அவன் உறையைக் கிழித்துத் திகதியைப் பார்த்தான். தேர்வு முந்தைய நாளே முடிந்துவிட்டது. “பரவாயில்லை அண்ணே” என்று சொல்லி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இப்போது கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறான். தீபாவளிக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்க்க வருவான், எனக்கு ஒரு சாரம் கொண்டுவருவான். அந்தச் சாரங்களை நான் உடுத்துவதில்லை.

இனி மகளின் கதை. அவளுக்கு 23 வயது. உயர்தரம் முடித்துவிட்டு, பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். ஐரோப்பாவில் நடக்கும் இளைஞர் தலைமைத்துவ மாநாடு ஒன்றைப் பற்றிக் கைத்தொலைபேசியில் பார்த்திருக்கிறாள். 18 முதல் 30 வயது வரையானவர்கள் விண்ணப்பிக்கலாம், பயணச் செலவும் தங்குமிடமும் அவர்களே தருவார்கள் என்று இருந்தது. எனக்கு முதலில் சந்தேகம். பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் இப்படி ஏதோ மாநாடு என்று நம்பி, பதிவுக் கட்டணமாகத் தாயின் காதுத் தோட்டை அடகு வைத்துப் பணம் அனுப்பினான். மாநாடும் இல்லை, பதிலும் இல்லை. ஐக்கிய நாடுகள் சபையின் பெயரைச் சொல்லி இப்படிப் போலி அழைப்பு அனுப்பிப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்று அந்தச் சபையே எச்சரித்திருக்கிறது. மகள் ஒரு வாரம் விசாரித்தாள். சென்ற வருடம் போய்வந்த கண்டிப் பிள்ளை ஒருத்தியைத் தேடிப்பிடித்துப் பேசினாள். ஒரு சதமும் கேட்கவில்லை என்று உறுதியான பிறகுதான் படிவத்தைத் திறந்தாள்.

படிவம் ஆங்கிலத்தில். அதில் அவளுக்குப் பயமில்லை. முதலில் தமிழில் அப்பியாசக் கொப்பியில் எழுதி, பாடசாலை ஆசிரியை ஒருவரின் உதவியோடு ஆங்கிலத்தில் மாற்றினாள். ‘உங்கள் சமூகத்தின் ஒரு பிரச்சினையையும் அதற்கு நீங்கள் செய்ததையும் எழுதுக’ என்று 300 சொல்லில் கேட்டிருந்தார்கள். 1823இல் எம்மவர் இந்தியாவிலிருந்து வந்தது, 1948இல் குடியுரிமை பறிபோனது, இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தம், குடியுரிமை தந்த 2003 சட்டம் என்று இரண்டு பக்கம் நிரப்பியிருந்தாள். வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். “இதெல்லாம் சரி மகள், இதில் நீ எங்கே இருக்கிறாய்?” என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். காலையில் பார்த்தால் மடுவத்து வகுப்பைப் பற்றி மட்டும் எழுதி வைத்திருந்தாள். கொழுந்து நிறுக்க வரும் நேரத்தில் பிள்ளைகள் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு கோயில் திண்ணைக்கு ஓடுவதுவரை அதில் இருந்தது.

கேள்விகளை எல்லாம் கடந்தவள் முகவரியில் நின்றாள். வீட்டு இலக்கம், வீதியின் பெயர், தபால் குறியீடு. குறியீடு தெரியும், 22 என்று தொடங்கும் ஐந்து இலக்கம். வீதிக்குத் தோட்டத்தின் பெயரை எழுதினாள். வீட்டு இலக்கத்துக்கு எதிரே சிவப்பில் ஒரு நட்சத்திரக் குறி. நிரப்பாவிட்டால் படிவம் நகராது. ‘இல்லை’ என்று எழுதினால் இலக்கம்தான் வேண்டும் என்கிறது. கடைசியில் 0 என்று போட்டாள். படிவம் ஏற்றுக்கொண்டது.

இரண்டு மாதத்தில் தெரிவாகிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. கடவுச்சீட்டுக்குச் சாதாரண சேவையில் 10,000 ரூபாய் கட்டினோம். அப்போதைய 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் என் மனைவி எட்டு நாள் மலை ஏறிக் கொழுந்து எடுத்தால்தான் அது சேரும். பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை, அதற்கு ஓடியது தனிக்கதை, விட்டுவிடுகிறேன். கடவுச்சீட்டு கைக்கு வந்தது. விசாவுக்கு அழைப்புக் கடிதத்தின் மூலப் பிரதி தேவைப்பட்டது. ஏற்பாட்டாளர்கள் அதைக் கூரியரில் அனுப்பினார்கள்.

கடிதம் கொண்டுவந்த பையன் தோட்டத்துச் சந்திவரை வந்து மகளின் இலக்கத்துக்கு அழைத்திருக்கிறான். எங்கள் லயத்தில் தொலைபேசிக்கு சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தாங்கி இருக்கும் மேட்டுக்கு ஏறினால்தான் மணி அடிக்கும். சந்தியில் நின்றவர்களிடம் பூச்சியம் இலக்க வீடு எது என்று கேட்டிருக்கிறான். பகிடி பண்ணுகிறான் என்று நினைத்து அவர்கள் சிரித்திருக்கிறார்கள். ‘முகவரி முழுமையற்றது’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டான். மாலையில் மேட்டுக்கு ஏறிய மகள் தவறிய அழைப்பைப் பார்த்துத் திரும்ப அழைத்தபோது உறை கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து அது எங்கெங்கோ சுற்றி, அனுப்பியவர்களிடமே போய்ச் சேர்ந்தது. விசாவுக்கான நாள் கடந்துவிட்டது. அந்தப் பையனை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கு இருபத்தேழு வருடத்தில் பழகியதை அவன் ஒரு மத்தியானத்தில் எப்படிக் கற்றுக்கொள்வான்?

மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் திருவிழாவுக்குக் கோயிலுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற் டின்னைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய பாட்டியின் பழைய எக்ஸ்ரே படம் ஒன்று பரணில் இருந்தது. அதில் சவர அலகால் 0 முதல் 9 வரை எண்களை வெட்டினாள். நெஞ்செலும்புகளுக்கு நடுவே எண்களாக ஓட்டை. அதைக் கதவு நிலைக்கு மேலே வைத்துத் துணியால் பெயின்றை ஒற்றினால் இலக்கம் பதிந்துவிடும். எங்கள் பிரிவில் ஆறு லயம், 76 காம்பிரா. லயத்து வீட்டைக் காம்பிரா என்போம். இரண்டு குடும்பம் இருக்கும் காம்பிராவுக்கு ‘அ’ சேர்த்துக்கொள்வது என்று முடிவு.

தொடங்கும்போதே தகராறு. பணிய லயம், அதாவது கீழே இருக்கும் லயம், பத்துக் காம்பிரா லயம். கோயில் பக்கத்திலிருந்து எண்ணினால் 8 விழுவது ஒரு விதவைத் தாயின் வாசலில். சனியின் எண், ஏற்கெனவே பட்டது போதும், என் கதவில் போடாதே என்று அந்த அம்மா அழுதே விட்டார். 8ஐ விட்டுவிட்டு 9 போடலாம் என்றார்கள் சிலர். அப்படி விட்டால் தபாலகத்தில் குழப்பம் வரும் என்பது எனக்குத் தெரியும். மகள் லயத்தை ஒருமுறை இங்கும் அங்கும் நடந்து பார்த்தாள். பிறகு மறுகோடியில் தண்ணீர்ப் பீலி இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கினாள். கோயிலிலிருந்து மூன்றாவதாக இருந்த எங்கள் காம்பிரா, அந்தப் பக்கத்திலிருந்து எட்டாவது. யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. எங்கள் வாசலில் 8ஐ ஒற்றிவிட்டு அடுத்த கதவுக்குப் போனாள்.

என் மனைவி மட்டும் இன்றுவரை அந்த எண்ணுக்குக் கீழே வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் தடவுகிறாள்.

மகள் 76 காம்பிராவுக்கும் படம் வரைந்து உப தபாலகத்தில் கொடுத்தாள். தபாலதிபர் ஐயா அதைக் கடிதம் பிரிக்கும் மேசைக்கு மேலே ஒட்டினார். பத்து நாள் கழித்துத் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. சுவர் நிர்வாகத்துக்குச் சொந்தம், அனுமதியில்லாமல் எழுதியதை அழிக்க வேண்டும் என்று உத்தரவு. கணக்குப்பிள்ளை சுண்ணாம்பு வாளியோடு வந்து முதல் லயத்தில் நான்கு இலக்கங்களை அழித்தார். அவருடைய தங்கை மகளும் மடுவத்தில் படிக்கிறாள். ஐந்தாவதில் சுண்ணாம்பு முடிந்துவிட்டது என்று சொல்லிப் போய்விட்டார். வாளியில் பாதி இருந்ததை நான் பார்த்தேன்.

இனி நான் கேட்க வந்தது. ஊருக்குள் வீட்டுக்கு இலக்கம் கொடுப்பது உள்ளூராட்சி மன்றத்தின் வேலை. தோட்டத்துக்கு ஏன் இல்லை என்று கேட்டால் முன்பெல்லாம் சட்டத்தைக் காட்டினார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது உண்மைதான். அதை 2018இல் திருத்திவிட்டார்கள். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோதும் மண் அரசாங்கத்துடையதாகவே இருந்தது. பிறகு சுவரில் ஓர் எண் எழுதுவதற்கு யாரிடம் அனுமதி கேட்பது என்பதை, வாக்குக் கேட்டு எங்கள் லயத்துக்கு வந்தவர்கள் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர்கள் எந்த வீட்டையும் தவறவிடவில்லை.

2014 மே மாதம் உலக இளைஞர் மாநாடு நம் நாட்டிலேயே நடந்தது. பத்திரிகைக் கட்டுகளை அன்று தோளில் சுமந்தவன் நான். முதற்பக்கத்தில் பல நாட்டுப் பிள்ளைகளின் படங்கள் இருந்தன. ஜூலை 15ஐ உலக இளைஞர் திறன் தினமாக ஐக்கிய நாடுகள் சபை ஏற்றதும் அதே வருடம், அதுவும் இலங்கையின் முயற்சியால்தான். இவ்வளவு செய்த நாட்டில் ஒரு பிள்ளை படிவத்தில் பூச்சியம் போட வேண்டியிருக்கிறது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இப்படிப்பட்ட மாநாடுகளின் அறிவிப்பைத் தமிழில், முடிவு நாளுக்கு ஒரு மாதம் முன்பாவது போடுங்கள். பணம் கேட்பவை எவை என்பதையும் சேர்த்துப் போடுங்கள். போய் வந்தவர்கள் விமான நிலையத்தில் மாலையோடு நிற்கும் படம் மட்டும்தான் எங்கள் கண்ணில் படுகிறது.

மகள் இந்த வருடமும் விண்ணப்பித்திருக்கிறாள். 300 சொல்லில் இம்முறை இலக்கம் எழுதிய கதை. பணிய லயத்தை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாள் என்பதை அதில் எழுதவில்லை. எழுது என்று சொன்னேன், “அதெல்லாம் எதற்கு அப்பா” என்றுவிட்டாள். ஆகவே நான் இங்கே எழுதிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

இதைப் பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம். முகவரியைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தபால்காரன்,
இலக்கம் 8, பணிய லயம்,
பொகவந்தலாவை.