பெயர் வைப்பது சும்மா இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் குடல் பாக்டீரியா பற்றி வந்த கட்டுரையில், "பெயர் வைப்பதைத் தவிர இந்த ஆய்வாளர்கள் என்ன சாதித்தார்கள்?" என்று ஒரு வரி. நாலு நாளாக மனசு ஆறவில்லை.

சேலத்தில் ஒரு கல்லூரியில் 26 வருடம் நுண்ணுயிரியல் நடத்தியவள் நான். ஏற்காட்டு மாணவி ஒருத்தி, புதிய குடல் பாக்டீரியா கிடைக்குமா என்று தேடி, ஊர்க்காரர்களிடம் கெஞ்சி மல மாதிரி வாங்கி, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கி வருவாள். குடலில் இருப்பவற்றில் பெரும்பாலானவை காற்றுப் பட்டாலே செத்துப்போகும். ஐந்து தடவை, காற்றிலும் வளரக்கூடிய சாதாரண பாக்டீரியாவான ஈ.கோலையைத் தவிர எதுவும் வளரவில்லை. காற்றுப்புகாத ஜாடி ஒன்று வாங்கித் தர நிர்வாகத்துக்கு ஒன்றரை வருடம் ஆனது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் வளர்ந்த ஒன்றின் 16எஸ் மரபணுவை (பாக்டீரியா எந்த இனம் என்று அடையாளம் காண உதவுவது) படித்துப் பார்த்தால், ஏற்கெனவே பெயருள்ள ஓர் இனத்தோடு 99.2 சதவீதம் ஒத்துப்போனது. 98.7-க்குக் கீழே இருந்தால்தான் புதிது என்ற பேச்சையே எடுக்கலாம். அன்று அந்தப் பிள்ளை சாப்பிடவே இல்லை. அப்படியே கீழே இருந்தாலும் முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட வேண்டும், இரண்டு வெவ்வேறு நாட்டு நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் அந்தக் கிருமியை உயிரோடு ஒப்படைக்க வேண்டும், அப்புறம்தான் முறைப்படி பெயர்.

பெயர் இருந்தால்தான் ஒரு ஊர் ஆய்வகம் சொல்வது இன்னொரு ஊருக்குப் புரியும். அக்கர்மான்சியா மியூசினிஃபிலா என்ற குடல் பாக்டீரியாவுக்கு நெதர்லாந்தில் 2004-ல்தான் பெயர் வைத்தார்கள். இன்று உடல் பருமன், சர்க்கரை நோய் ஆய்வுகளில் அது அடிபடாத இடமில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

பாக்டீரியா கட்டுரைக்கு முள்முள்ளாகக் கொரோனா வைரஸ் படம் போட்டது இது மூன்றாவது முறை. போன வருடம் அல்சர் என்றால் காரம்தான் காரணம் என்று அரைப்பக்கம் எழுதினீர்கள். அல்சருக்கு முக்கியக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததற்காக மார்ஷல், வாரன் என்ற இரண்டு ஆய்வாளர்களுக்கும் 2005-லேயே நோபல் கொடுத்தாகிவிட்டது. அப்போதும் எழுதினேன், பதிலே இல்லை.

இந்தத் தடவை அந்தப் பக்கத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதே அந்த மாணவிதான். "பாத்தீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டிருந்தாள். என்ன பதில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு, அது பாக்டீரியா படம் இல்லை என்று ஒரு வரித் திருத்தம் போடுங்கள். அது போதும்.

ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்