அவள் கழுத்தில் கிடந்த சங்கிலி

கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ காதலித்த பெண் விலகிப் போன இந்த மூன்று மாதத்தில் நீ அழுதபோதெல்லாம் எனக்கும் வலித்தது. ஆனால் பயம் வந்ததில்லை. அன்று நீ சொன்னதைக் கேட்டுத்தான் பயந்தேன். "எப்படியாவது அவளைத் திரும்ப என் பின்னாடி வர வைக்கணும்மா. வந்ததும் நானே வேண்டாம்னு சொல்லணும். அப்பத்தான் அவளுக்கு வலி தெரியும்."

இந்தப் பேச்சை முன்பே எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன். விடிகாலையில் பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போனபோது சட்டென்று நினைவு வந்தது. ஜாண்டர்.

நீ பதினொன்றாம் வகுப்பில் காலை முறித்துக்கொண்டு மாவுக்கட்டோடு கிடந்தாயே, அந்த ஆறு வாரம். உன் அத்தை மகன் கொண்டுவந்து கொடுத்த டிவிடி பெட்டியில் "பஃபி த வாம்பயர் ஸ்லேயர்" என்ற அமெரிக்க டிவி தொடரின் இரண்டு சீசன் இருந்தது. அதில் பஃபியின் நண்பன்தான் ஜாண்டர். அவர்கள் பேசும் வேகத்துக்கு என் ஆங்கிலம் ஈடுகொடுக்காது. நீதான் நிறுத்தி நிறுத்திச் சொல்வாய். ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பள்ளிக்கூடப் பெண்ணின் கதை எனக்கு எதற்கு என்று உட்கார்ந்தவள், கட்டுப் பிரிக்கும் நாள் வந்தபோது மீதியையும் பார்க்க வேண்டும் என்று உன்னைக் கேட்டேன்.

இரண்டாவது சீசனில் பதினாறாவது எபிசோட் அது. 1998 பிப்ரவரி 10 அன்று, காதலர் தினத்துக்கு நான்கு நாள் முன்னால், அமெரிக்காவில் டபிள்யூபி சேனலில் ஒளிபரப்பானது. எழுதியவர் மார்ட்டி நாக்ஸன் என்ற பெண். ஒரு பையனின் மனதையும் அவனால் பெண்கள் படும் அவமானத்தையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

ஜாண்டர் தன் கையிருப்புக்கு மேலே செலவழித்து, இதய வடிவ டாலர் கோத்த சங்கிலி ஒன்றை வாங்கி காதலர் தினத்தன்று தன் காதலி கார்டீலியாவுக்குக் கொடுக்கிறான். அவள் அன்றைக்கே அவனை வேண்டாம் என்கிறாள். பிடிக்காமல் அல்ல. இவனோடு சுற்றுவதால் அவளுடைய தோழிகள் அவளை ஒதுக்கிவிட்டார்கள். மறுநாள் பள்ளிக்கூடமே இவனைப் பார்த்துச் சிரிக்கிறது. அப்போதுதான் ஏமி என்ற பெண்ணுக்கு மந்திரம் தெரியும் என்று கண்டுபிடித்து, வெளியே சொல்லிவிடுவேன் என்று மிரட்டி, வசியம் செய்யச் சொல்கிறான். அவள் தன்னை விரும்ப வேண்டும், பிறகு தான் அவளை உதற வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான். நீ கேட்டதும் அதுவேதான் கண்ணா.

மந்திரம் தவறிவிடுகிறது. கார்டீலியாவைத் தவிர ஊரில் இருக்கும் பெண்கள் அத்தனை பேரும் அவன் பின்னால் கிளம்புகிறார்கள். கூடப் படிப்பவர்கள், ஆசிரியை, மந்திரம் போட்ட ஏமியே கூட. அவனைக் கொல்ல வந்த காட்டேரியிடமிருந்து இன்னொரு பெண் காட்டேரி அவனைக் காப்பாற்றுகிறாள், அவளும் மயங்கியதால். போட்டி முற்றி ஏமி பஃபியை எலியாக மாற்றியபோது நீ கட்டுக்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பஃபியாக நடித்த சாரா மிஷெல் கெல்லர் அந்த ஜனவரியில் சாட்டர்டே நைட் லைவ் என்ற நகைச்சுவை நிகழ்ச்சியை நடத்தப் போய்விட்டதால்தான் அவரைக் கதையில் எலியாக்கினார்கள் என்று நீதான் எங்கேயோ படித்துச் சொன்னாய். கதாநாயகி இல்லாத குறையே தெரியாமல் எலியைத் தேடும் கதையாக்கிவிட்டார்களே என்று நாம் இருவரும் வியந்தோம்.

ஒரு இடத்தில் மட்டும் நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். உனக்கு நினைவிருக்காது. பஃபியின் அம்மா ஜாய்ஸ், மகளின் வயதுப் பையனிடம் ஆசையாக நெருங்குகிற காட்சி. எல்லோருக்கும் அது சிரிப்பு. எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் தெளிந்ததும் அந்தப் பெண் எந்த முகத்தோடு மகளைப் பார்ப்பாள்? அவள் செய்யாத காரியத்துக்கு அவள் வெட்கப்பட வேண்டும். ஒரு பையனுடைய கோபம் அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

அதைவிடப் பாவம் ஜாண்டரின் தோழி வில்லோ. அவள் சின்ன வயதிலிருந்தே உண்மையாக அவனை நேசித்தவள். அந்த நேசத்தை அவளே மெல்ல மெல்ல ஒதுக்கி வைத்து, வேறொருவனோடு சிரிக்கத் தொடங்கியிருந்த நேரம். மந்திரம் அவளுடைய பழைய புண்ணைக் கீறிவிட்டது. தனக்குக் கிடைக்காவிட்டால் அவன் செத்துப்போகட்டும் என்று கோடாலியோடு வருகிறாள், எறும்புக்கும் தீங்கு நினைக்காத பெண். ஊர்ப் பெண்கள் வெறிபிடித்து அவனைத் துரத்துகிறார்கள். ஆசை என்று அவன் வரவழைத்தது கடைசியில் அவன் உயிரையே கேட்டது.

நம் வீட்டிலும் வசியப் பேச்சு நடந்திருக்கிறது. என் சின்ன அத்தையை மாமா தானே விரும்பிக் கட்டிக்கொண்டபோது, அவள் சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்றார்கள். மருந்து எடுப்பவரிடம் மாமாவைக் கூட்டிக்கொண்டு போய், வெறும் வயிற்றில் எதையோ குடிக்கவைத்து வாந்தி எடுக்கச் செய்தார்கள். அத்தை ஒன்றும் பேசவில்லை. மாமா போன வருஷம்தான் என்னிடம் சொன்னார்: "அவளைப் பார்த்து, யோசிச்சு, நானே போய்க் கேட்டேன். அதை யாரும் நம்பலயே, அதான் இத்தனை வருஷமா வலிக்குது." மருந்து என்று சொன்னவர்கள் அத்தையை மட்டும் பழிக்கவில்லை. மாமா தானாக முடிவெடுத்தார் என்பதையே இல்லாமல் ஆக்கினார்கள். யாரையாவது எப்படியாவது "வர வைக்கணும்" என்கிறபோது நாமும் அதையேதான் செய்கிறோம்.

கார்டீலியா மேல் ஏன் மந்திரம் படவில்லை என்று நினைவிருக்கிறதா? மந்திரத்துக்கு அவளுடைய பொருள் ஒன்று வேண்டும் என்பதால் ஜாண்டர் அந்தச் சங்கிலியைத் திருப்பிக் கேட்கிறான். லாக்கரில் இருக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்று அவள் கதவைத் திறக்கிறாள். கதவுக்குப் பின்னால் மறைந்து, சட்டைக் காலருக்குள் கையை விட்டு, கழுத்திலிருந்து கழற்றித் தருகிறாள். எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்றவள் அதை ஒருவருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சங்கிலியே அவளுக்குக் காப்பாகிவிட்டது. கடைசியில் தோழிகள் முன்னால் அவனோடு நடந்து போவதும் அவளுடைய சொந்த முடிவு.

உன் கதையும் அப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பொய். அவள் உன்னை மறைவில் நினைத்துக்கொண்டிருக்கலாம், நினைக்காமலும் இருக்கலாம். அது அவள் காரியம்.

நான் உன்னைப் பார்க்கச் சொல்வது வேறு இடம். நூலகத்தில், மந்திரத்தில் மயங்கிய பஃபி தானாக ஜாண்டரை நெருங்குகிறாள். அவன் வெகுநாள் ஆசைப்பட்ட பெண். யாரும் இல்லை, கேட்பாரும் இல்லை. இது உனக்கு நிஜமில்லை என்று அவன் விலகுகிறான். எபிசோட் முடிவில் அவள் எல்லாம் நினைவிருக்கிறது என்று சொல்லி, தன்னைத் தொடாமல் இருந்ததற்கு நன்றி சொல்கிறாள். வில்லோ அவனோடு பேசவில்லை, பேசச் சில காலம் ஆகும் என்றும் சொல்கிறாள். அப்போது நீ டிவியைப் பார்த்தபடியே, "இவன் நல்லவன்தாம்மா, கோபத்துல புத்தி போயிடுச்சு" என்றாய். பதினாறு வயதில் அப்படிச் சொன்ன பிள்ளையை நான் மறக்கவில்லை.

நான் அவளுக்குக் கொடுத்த ஜிமிக்கியைத் திருப்பிக் கேட்கச் சொன்னாய். கேட்க மாட்டேன். தீபாவளிக்கு வந்தபோது அவள் நம் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து எனக்குத் தேங்காய் துருவித் தந்தாள். அதற்காக நான் ஆசையாகக் கொடுத்தது. அவள் போட்டுக்கொண்டாலும் டப்பாவில் வைத்தாலும் அது அவளுடையது. உன் போனில் அவளுக்கு அனுப்ப எழுதி வைத்திருக்கிறேன் என்றாயே, அந்தச் செய்தியை அழித்துவிடு. அழித்ததும் எனக்கு ஒரு வார்த்தை எழுது. ராத்திரி எந்த நேரமானாலும் பார்ப்பேன்.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா? அப்பா உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறார். அலமாரியைக் காலி செய்தபோது அந்த டிவிடி பெட்டி கிடைத்தது. பிளேயர்தான் பழுதாகிக் கிடக்கிறது. நீ வருவதற்குள் கடையில் கொடுத்துச் சரி பண்ணி வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா