குழல்களைச் சேர்ப்பதற்கு முன்

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. வில்லிவாக்கத்தில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி வந்துவிட்டது, அதனால் இந்த வாரம் மழை நிச்சயம் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ வாட்ஸப்பில் அனுப்பிய வரைபடங்களைத் தம்பி பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். போனில் இதைப் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

வாய்வழியே மருந்து கெட்டிக்கும் இரட்டைக்குழல் ரைஃபிள் ஒன்றைச் சொந்த அளவுக்குச் செய்விக்கப் போகிறாய் என்று சொன்னதும் அம்மா கேட்டது: "நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கியா? அதுக்கா இவ்வளவு டாலர்?" அவள் கேட்டதில் தப்பில்லை. வாயில் கருமருந்து, அதன்மேல் குண்டு, கோலால் இறுக்கி, பின்னால் நிப்பிள் என்ற சின்ன முனையில், அடித்தால் பொறி பறக்கும் கேப்பு. அடிப்படை ஒன்றுதான். மீதி வித்தியாசத்தை அவளுக்கு விளக்க முயன்றேன். பாதியில் குக்கர் விசில் அடித்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நாலு போர் (bore, குழல் துளையின் அளவு) வேண்டும் என்கிறாய். ஒரு பவுண்டு சுத்த ஈயத்தை நாலு சம உருண்டையாக்கினால் ஒன்று எவ்வளவோ அதுதான் குண்டு. 113 கிராம், விட்டம் ஏறக்குறைய 26.7 மில்லிமீட்டர். எட்டு போர் என்றால் 57 கிராம், 21.2 மில்லிமீட்டர். பன்னிரண்டு என்றால் 38 கிராம், 18.5. இதெல்லாம் உனக்கே மனப்பாடம். ஆனால் துப்பாக்கியின் எடையைக் கணக்குப் போட்டாயா? கிரீனர் என்ற பர்மிங்ஹாம் துப்பாக்கிக்காரர் பெயரில் ஒரு பழைய கணக்கு உண்டு: சுடுகிற ஈயத்தைப்போல் 96 மடங்கு எடை துப்பாக்கிக்கு இருக்க வேண்டும். ரவைத் துப்பாக்கிக்குச் சொன்னது, ஆனாலும் வழிகாட்டும். எட்டு போரின் இரண்டு அவுன்ஸ் குண்டுக்கு 12 பவுண்டு. நாலு போரின் நாலு அவுன்ஸுக்கு 24 பவுண்டு, அதாவது பதினோரு கிலோ. உன் தம்பி ஒன்றரை வயதில் அந்த எடைதான் இருந்தான். அவனைத் தோள் உயரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு குறி பார்க்க முடியுமா என்று யோசித்துப் பார்.

சாமுவேல் பேக்கர் பிடித்தாரே என்பாய். அந்த மனிதர் இலங்கையில், நுவரெலியாப் பக்கம், யானை வேட்டையாடிய காலத்தில் வைத்திருந்தது பிரிஸ்டல் ஊர்த் துப்பாக்கிக்காரர் கிப்ஸ் 1840-இல் செய்து கொடுத்த ரைஃபிள். எடை 21 பவுண்டு, மருந்து 16 டிராம், அதாவது முழுசாக ஓர் அவுன்ஸ். கவனி, அது ஒற்றைக்குழல். இரட்டை வேண்டும் என்றால் இன்னொரு குழலின் இரும்பும் சேரும். அவர் முன்னால் வந்து நின்றது யானை. அமெரிக்காவில் ஃப்ரெண்ட்ஷிப் ஊர்ச் சுடும் மைதானத்தில் உன் முன்னால் நிற்கப் போவது காகித அட்டை. அட்டைக்கு நாலு அவுன்ஸ் ஈயம் எதற்கு? என் மனசில் பன்னிரண்டு. நீ அவ்வளவு இறங்க மாட்டாய் என்று தெரியும், எட்டில் நில்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. நீ அனுப்பிய படங்களில் பாதி செதுக்கு வேலை. பூட்டு, அதாவது சுத்தியலை விடும் பொறி, அதன் தகட்டில் யானை, விசையைச் சுற்றிய காவல்வளையத்தில் பனைமரம். கட்டைக்கு எந்த வால்நட் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். எவ்வளவு மருந்து, என்ன குண்டு, குண்டைச் சுற்ற என்ன துணி என்ற மூன்றுக்கும் "பிறகு பார்க்கலாம்" என்று ஒரே வரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல்ரூமில் முப்பது சொச்சம் வருஷம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், வரிசை தலைகீழாக இருக்கிறது. இரட்டைக்குழல் ரைஃபிளில் முதலில் முடிவாக வேண்டியது அந்த ஒரு வரிதான். ஏன் என்று கேள்.

இரண்டு குழலையும் இணைகோடாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் இரண்டு குண்டும் பக்கத்தில் பக்கத்தில் போகும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். போகாது. வலது குழலின் அச்சு துப்பாக்கியின் எடை மையத்துக்கு வலப்பக்கம் இருக்கிறது. உதை அந்த அச்சில் விழுவதால் துப்பாக்கி நேரே பின்னால் மட்டும் போகாது; வாய் வலப்பக்கமும் மேலும் திரும்பும். குண்டு குழலை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அந்தத் திரும்பல் ஆரம்பித்துவிடுகிறது. இடது குழலுக்கு இதே கதை இடப்பக்கம். இணைகோடாக ஒட்டினால் இரண்டும் ஆளுக்கொரு திசையில் விலகிப் போகும். அதனால் வாய்ப்பக்கம் குழல்களைக் கொஞ்சம் நெருக்கி வைக்கிறார்கள். நல்ல பழைய இரட்டையில் குழல்களின் கோட்டை நீட்டிப் பார்த்தால், குறி இருக்கும் தூரத்துக்கு வெகு முன்னாலேயே அவை குறுக்கே வெட்டிக்கொள்ளும். சுடும்போதுதான் உதை அவற்றைப் பிரித்துச் சரியாக்கும். சும்மா இருக்கும்போது தப்பாக இருந்தால்தான் வேலை செய்யும்போது சரியாக இருக்கும் என்பது எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. இரண்டு நாள் இதையே பேசிக்கொண்டிருந்தேன், அம்மா எழுந்து போய்விட்டாள்.

எவ்வளவு நெருக்க வேண்டும் என்று சூத்திரம் போட்டுக் கண்டுபிடித்துவிட முடியாது. தோராயமாகச் சேர்த்து, வாய்ப்பக்கம் நடுவில் ஓர் ஆப்பு வைத்து, ஈயப்பற்றால் பிடித்து, 50 கஜத்தில் அட்டை வைத்துச் சுட வேண்டும். வலது ஒன்று, இடது ஒன்று. அட்டையைப் பார்த்து, வாயைச் சூடாக்கி, பற்று இளகியதும் ஆப்பை ஒரு மயிரிழை தள்ளி, ஆறவைத்து, மறுபடி சுட வேண்டும். குழல்காரர் பொறுமையின் விலைதான் இந்த ஜாபின் விலையில் பெரிய பங்கு. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்குவதால் குழலுக்குச் சேதமில்லை. யாராவது வாய்ப்பக்கம் வெள்ளிப்பற்று வைத்துத் தருகிறேன், கெட்டியாக இருக்கும் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல். அதற்கு 600 டிகிரிக்கு மேல் போக வேண்டும், நீளமான மெல்லிய குழல் அந்தச் சூட்டில் கோணிக்கொள்ளும், அப்புறம் ஆப்பைத் தள்ளித் திருத்தவும் வழி இருக்காது. பின்பக்கம் வேறு கதை, அதை அவர் இஷ்டத்துக்கு விடு.

இப்போது புரிகிறதா? இந்த நெருக்கம் ஒரே ஒரு மருந்தளவுக்கும் ஒரே ஒரு குண்டுக்கும்தான் பொருந்தும். மருந்தைக் குறைத்தால் குண்டு குழலுக்குள் கூடுதல் நேரம் தங்கும், திரும்பலும் கூடும், பொதுவாக இரண்டும் விலகிப் போகும். மருந்தைக் கூட்டினால் குறுக்கிட்டுத் தாண்டும். "பிறகு பார்க்கலாம்" என்று விட்டால், அந்த ஆள் தன் கைக்கு வசதியான ஏதோ ஓர் அளவில் சரிசெய்து கொடுப்பார், நீ ஆயுசுக்கும் அந்த அளவுக்கு அடிமை. மருந்து எத்தனை டிராம், எந்தப் பருமன் பொடி, குண்டின் விட்டம், துணியின் தடிமன், எந்த எண்ணெய் எல்லாவற்றையும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பெரிய போருக்குக் கரட்டுப் பொடிதான் நல்லது.

குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டும் முறுக்கு வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீக்கிரம் சுழலும் முறுக்கு துல்லியம் என்று நினைத்துக் கேட்டுவிடாதே. நம் நாட்டிலேயே, மத்திய இந்தியக் காடுகளில் திரிந்த ஜேம்ஸ் ஃபோர்சித் என்ற ராணுவ அதிகாரி 1863-இல் இதற்காகவே ஒரு புத்தகம் போட்டார். உருண்டைக் குண்டுக்குச் சுழற்சி கொஞ்சம் போதும் என்றார். அவர் 14 போருக்குச் சொன்ன முறுக்கு 104 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதாவது குழலின் நீளத்துக்குள் ஏறக்குறைய கால் சுற்று. முறுக்கு வேகமாக இருந்தால் நிறைய மருந்து போடும்போது குண்டு வரியைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். மெதுவாக இருந்தால் பிடித்துக்கொள்ளும், பாதையும் தட்டையாக இருக்கும். (கேப்பு வகையறாவுக்கு வழிகாட்டிய ஃபோர்சித் வேறு ஆள். அவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1807-இல் காப்புரிமை வாங்கியவர். தம்பி இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கி என்னிடம் வாதாடினான்.)

பேக்கர் குண்டைக் கெட்டியாக்க ஈயத்தில் பாதரசம் கலந்தார் என்று நீ படித்திருப்பாய். அதை மட்டும் செய்யாதே. அட்டைக்குக் கெட்டிக் குண்டு தேவையில்லை, சுத்த ஈயம் போதும். ஈயம் உருக்குவதும் வெளியில், காற்றோட்டத்தில். கை கழுவாமல் டிஃபன் பாக்ஸைத் தொடாதே.

அடுத்தது பயம். பெற்றவனுக்கு இருக்கும் பயம், சொல்லித்தான் ஆக வேண்டும். வாய்வழி இரட்டையில் ஆபத்தெல்லாம் இரண்டாவது குழலில்தான் உட்கார்ந்திருக்கிறது. வலது சுட்ட உதையில் இடது குழலில் இருக்கும் குண்டு மருந்தை விட்டு முன்னால் நகர்ந்திருக்கலாம். இடையில் காலி இடம் விட்டு நிற்கும் குண்டு அடைப்பு மாதிரி. குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். வலது குழலை மட்டும் மறுபடி நிரப்புவதாக இருந்தால் முதலில் இடது நிப்பிளிலிருந்து கேப்பை எடு, பிறகு கோலை விட்டு இடது குண்டு தன் இடத்தில் இருக்கிறதா பார், அதற்குப் பிறகுதான் மருந்தைத் தொடு. கோலில் இரண்டு கோடு கீறிக்கொள், வெறும் குழலுக்கு ஒன்று, நிரப்பியதற்கு ஒன்று. யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரே குழலில் இரண்டு தடவை மருந்து விழுவது இப்படித்தான். மருந்து வைக்கும் பிளாஸ்கிலிருந்து நேரே குழலில் கொட்டாதே, உள்ளே ஒரு தணல் மிச்சமிருந்தால் பிளாஸ்க் மொத்தமும் கையில் வெடிக்கும். அளவுக்குப்பியில் எடுத்து ஊற்று. இந்தக் காலத் தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூட இதற்குள் போகக்கூடாது.

இன்னொன்று. லண்டனில் 1637-இலிருந்தும் பர்மிங்ஹாமில் 1813-இலிருந்தும் துப்பாக்கிக்காரர்களுக்கு அமைப்பு இருக்கிறது. குழலை அதிக மருந்து வைத்துச் சோதித்து முத்திரை குத்துவார்கள். உங்கள் ஊரில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே எஃகு எந்த ரகம், பின்பக்கச் சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்பதைக் குழல் செய்பவரிடம் எழுத்தில் வாங்கு. தர மறுத்தால் வேறு ஆளைப் பார்.

உன்னால் எனக்கு நல்ல பொழுதுபோக்கு. எழும்பூர் மியூசியத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கும் கூடத்துக்குப் போய்ப் பழைய பூட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தேன். கண்ணாடியில் மூக்கு ஒட்டுமளவுக்குக் குனிந்து நின்றதில் காவலாளி என்னையே சுற்றிச் சுற்றி வந்தார். இங்கே லைசென்ஸ் இல்லாமல் ஒரு குழலைத் துளையிட்டுப் பார்க்கக்கூட முடியாது, 1959 ஆயுதச் சட்டம் அப்படி. இல்லாவிட்டால் துளையைச் செப்பனிடும் ரீமர் இரண்டு உனக்கு நானே தீட்டிக் கொடுத்திருப்பேன். அது கிடக்கட்டும்.

சட்டம் தடுக்காத ஒன்றை அனுப்புகிறேன். குண்டைச் சுற்றிப் போடும் துணிக்கு நெருக்க நெசவுப் பருத்தி வேண்டும் என்றாயே, அம்மாவும் நானும் பாரிமுனைக்குப் போய் கோடவுன் தெருவில் வெளுக்காத காடாத்துணி மூன்று ரகம் எடுத்தோம். கடைக்காரர் திரைச்சீலைக்கா, தலையணைக்கா என்று கேட்டார். அம்மா துப்பாக்கிக்கு என்று சொல்லிவிட்டாள். அவர் அப்புறம் பேரமே பேசவில்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு மீட்டர், ஓரத்தில் எண் எழுதியிருக்கிறேன். கஞ்சி நிறைய இருக்கும்; வெந்நீரில் இரண்டு முறை அலசி, காயவைத்து, அதன்பிறகு மைக்ரோமீட்டர் வை. துணியை நன்றாக அழுத்திப் பிடித்த அளவுதான் கணக்கு, தொட்டும் தொடாமலும் எடுத்த அளவு அல்ல. மூன்றின் அளவையும் எனக்கு அனுப்பு, குண்டு அச்சின் விட்டத்தை அதற்குப் பிறகு சொல்லி வாங்கலாம். பார்சலில் அமிர்தாஞ்சனும் இருக்கிறது, அது அம்மா வைத்தது, தோளுக்காம்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: வரைபடத்தில் இரண்டு பூட்டுக்கும் ஒரே பாக எண் போட்டிருக்கிறது. வலது பூட்டும் இடது பூட்டும் கண்ணாடிப் பிம்பம், ஒன்றைத் திருப்பி மற்ற பக்கம் மாட்ட முடியாது. துப்பாக்கி செய்பவரிடம் இன்றைக்கே கேள்.