மரப்பு ஊசியின் கணக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புதிதாகச் சேர்ந்த இரண்டு இளம் பல் மருத்துவர்களுக்கு மரப்பு ஊசியை எதிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தாய். வாரத்தில் ஒரு நாளைக் குழந்தைகளுக்கென்றே ஒதுக்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். இரண்டு செய்தியும் மகிழ்ச்சி தந்தன. இரண்டையும் சேர்த்து யோசித்ததால்தான் பதில் நீண்டுவிட்டது.

பொதுவாக எல்லோரும் ஊசி குத்தும் இடத்திலிருந்து தொடங்குவார்கள். நீ கணக்கிலிருந்து தொடங்கு. நோயாளியின் எடை என்ன, அவருக்கு உச்ச அளவு எத்தனை மில்லிகிராம் என்ற இரண்டும் சிரிஞ்சைக் கையில் எடுக்கும் முன்பே சீட்டில் எழுதப்பட்டிருக்கட்டும். "ரெண்டு கார்ட்ரிட்ஜ் போட்டேன்" (கார்ட்ரிட்ஜ் என்பது மருந்து அடைத்து வரும் சிறு குழல்) என்பதை வைத்து உடம்புக்குள் எவ்வளவு மருந்து போனது என்று சொல்ல முடியாது. சதவீதத்தைப் பத்தால் பெருக்கினால் ஒரு மில்லியில் உள்ள மில்லிகிராம் வந்துவிடும். மரப்பு மருந்துகளான 2% லிக்னோகைனில் 20, 4% ஆர்டிகைனில் 40. ஆக 1.8 மில்லி லிக்னோகைன் கார்ட்ரிட்ஜில் 36 மி.கி., 2.2 மில்லியில் 44 மி.கி. இருக்கிறது.

ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் கலந்த லிக்னோகைனுக்குக் கிலோவுக்கு 7 மி.கி., மொத்தம் 500 மி.கி.க்கு மேல் கூடாது என்பது ஒரு கணக்கு. கிலோவுக்கு 4.4, மொத்தம் 300 என்பது அதைவிட இறுக்கமான கணக்கு. குழந்தைகளுக்கு 4.4-ஐத் தாண்டாதே என்பதே என் உறுதியான கருத்து. 15 கிலோ குழந்தையை எடுத்துக்கொள். 4.4 கணக்கில் அதற்கு 66 மி.கி.தான், அதாவது 1.8 மில்லி கார்ட்ரிட்ஜ் இரண்டுகூட முழுதாக வராது. வாயின் நான்கு பக்கமும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டால் 144 மி.கி. ஆகிவிடுகிறது. உச்ச அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். குழந்தைகளிடம் நேரும் பெரிய விபத்துகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தப் பெருக்கல்தான் இருக்கிறது. அதோடு தூக்க மருந்தும் கொடுத்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும், முன்னெச்சரிக்கைக் குறிகளும் மறைந்துபோகும். ஒரு நாளில் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

மேலே அடிக்கும் 10% லிக்னோகைன் ஸ்ப்ரேயையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். ஒரு அழுத்துக்கு 10 மி.கி. வருகிறது, ஈறிலும் கன்னத்திலும் பட்டது வேகமாகவே ரத்தத்தில் கலக்கிறது. குழந்தைக்கு ஸ்ப்ரேயைவிட 5% களிம்பு நல்லது. பஞ்சால் ஈறைத் துடைத்து உலர்த்திவிட்டு, கொஞ்சமாகத் தடவி, ஒன்றிரண்டு நிமிடம் காத்திருக்கச் சொல். ஈரத்தின் மேல் தடவினால் எச்சிலோடு தொண்டைக்குப் போவதுதான் மிச்சம்.

குப்பியா கார்ட்ரிட்ஜா என்றும் கேட்டிருந்தாய். முடிந்தால் கார்ட்ரிட்ஜ். 30 மில்லி குப்பியில் 600 மி.கி. லிக்னோகைன் இருக்கிறது, வளர்ந்த ஆளின் உச்ச அளவையும் தாண்டிய மருந்து எப்போதும் மேசைமேல் நிற்கிறது. குப்பிதான் என்றால், அதன் ரப்பரில் ஒரு ஊசியைக் குத்தியே விட்டுவைக்கும் வழக்கத்தை முதல் நாளே நிறுத்து. வாய்க்குள் போய்வந்த சிரிஞ்சோ ஊசியோ மறுபடி குப்பிக்குள் போகக் கூடாது. அதே நோயாளிக்கு இரண்டாவது முறை என்றாலும் புது ஊசி, புது சிரிஞ்ச். ரப்பரைத் துளைத்த முனை மழுங்கிவிடும் என்பதால் மருந்தை இழுக்க ஒரு ஊசி, போட ஒரு ஊசி என்று வைத்துக்கொண்டால் வலியும் குறையும்.

இதைவிட முக்கியம் ஒன்று உண்டு. வேர்ச்சிகிச்சையில் கழுவ வைத்திருக்கும் ஹைப்போகுளோரைட்டை மரப்பு மருந்து என்று எண்ணி ஊசியாகப் போட்டுவிடும் விபத்து உண்மையிலேயே நடக்கிறது. இரண்டும் தெளிந்த திரவம், ஒரே மாதிரி சிரிஞ்ச். உள்ளே போனால் தசை வெந்துவிடும். எனவே மரப்பு மருந்தைத் தவிர வேறு எதையும் அந்த வகைச் சிரிஞ்சில் ஏற்றக் கூடாது, பெயர் ஒட்டாத சிரிஞ்ச் எதுவும் தட்டில் இருக்கக் கூடாது. மருந்தை இழுத்தவரே ஊசியும் போட வேண்டும்.

கீழ்த்தாடை நரம்பை மரக்கவைக்கும் பிளாக்குக்கு நீளமான ஊசி, 25 அல்லது 27 கேஜ் (ஊசியின் பருமனைச் சொல்லும் எண்). 30 கேஜ் மெல்லியது, வலிக்காது என்று சிலர் விரும்புவார்கள். ஆனால் அது திசுவுக்குள் வளையும், ரத்தம் இழுத்துப் பார்ப்பதும் சரியாக வராது, உள்ளே முறிந்துபோன ஊசிகளில் மெல்லிய குட்டை ஊசிகளே அதிகம். ஊசி முறிவது அடிப்பாகத்தில்தான். அதனால் அடிவரை செலுத்தாமல் 5 மி.மீ.யாவது வெளியே தெரியும்படி விடச் சொல். முறிந்தாலும் பிடித்து இழுக்க ஒரு முனை கிடைக்கும்.

எதிர்ப்பக்கத்து முன்கடைவாய்ப் பற்களின் மேல் சிரிஞ்சை வைத்துச் செலுத்தினால், வளர்ந்தவருக்கு 20 முதல் 25 மி.மீ. ஆழத்தில் எலும்பு தட்டுப்பட வேண்டும். பாதி நீளம் போவதற்குள் தட்டினால் முனை முன்னால் நிற்கிறது. கொஞ்சம் பின்னிழுத்து, சிரிஞ்சை எதிர்ப்பக்கக் கோரைப்பல் பக்கமாக நகர்த்தி மறுபடி செலுத்தலாம். எலும்பே தட்டவில்லை என்றால் முனை பின்னால் போய்விட்டது. சிரிஞ்சைக் கடைவாய்ப் பக்கம் கொண்டுவர வேண்டும். எலும்பைத் தொடாமல் மருந்தைச் செலுத்தவே கூடாது. காதருகே உள்ள பரோட்டிட் எச்சில் சுரப்பிக்குள் மருந்து போனால் முகநரம்பு மரத்து, கண் மூடாமல் நின்றுவிடும். சில மணி நேரத்தில் சரியாகும், அதுவரை கண்ணை மூடிப் பாதுகாக்க வேண்டும். நோயாளி நாக்கில் கரண்ட் அடித்ததுபோல் துள்ளினால் முனை நரம்பைத் தொட்டிருக்கிறது. அந்த இடத்தில் ஒரு சொட்டும் வேண்டாம், பின்னிழுத்துத் திசை மாற்று.

எலும்பைத் தொட்டதும் ஒரு மி.மீ. பின்வாங்கி, இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஊசிமுனையைச் சற்றே திருப்பி இன்னொரு முறை. முனை ரத்தக்குழாயின் சுவரில் ஒட்டியிருந்தால் முதல் இழுப்பில் ரத்தம் வராது, அதனால்தான் இரண்டு முறை. இந்த பிளாக்கில் பத்தில் ஒரு முறை ரத்தம் வரக்கூடும். வந்தால் இடம் மாற்று, மருந்து சிவந்துவிட்டால் அதைத் தூக்கியெறி. பிறகு 1.5 மில்லியைக் குறைந்தது ஒரு நிமிடம் எடுத்துச் செலுத்தட்டும். கடிகாரத்தைப் பார்த்து ஒரு முறை போடச் சொல்லிப் பார், ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அவர்களுக்கே தெரியும்.

இதய நோயாளிகளுக்கு அட்ரினலினே வேண்டாம் என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். சரியாக மரக்காமல் வலியில் துடித்தால் உடம்பே அட்ரினலினைச் சுரக்கும். அவர்களுக்கு அட்ரினலின் எல்லை 0.04 மி.கி. அட்ரினலின் விகிதம் 1:80,000 உள்ள மருந்தில் ஒரு மில்லிக்கு 12.5 மைக்ரோகிராம் என்பதால் 3.2 மில்லி. 1:2,00,000 என்றால் 8 மில்லி, ஆனால் லிக்னோகைன் எல்லையையும் தனியே பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் புரோப்ரனலால் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே எல்லை, ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்.

வீங்கிச் சிவந்த பல்லுக்கு ஊசி பிடிக்கவில்லை என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதுதான் பெரியவர்களிடம் அளவு மீறும் வழி. அழற்சி உள்ள இடம் அமிலமாக இருக்கும், மருந்து நரம்புக்குள் நுழையும் வடிவத்துக்கு மாறுவது அங்கே குறையும். உதடு மரத்துப் பல் மட்டும் வலித்தால் இன்னொரு பிளாக் அதிகம் உதவாது. வேருக்கு 0.2 மில்லி வீதம் பல்லைச் சுற்றிய தசைநாரில் போட்டால் பலன் தெரியும்.

பெரும்பாலும் நேர்வது வெறும் மயக்கம். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் தெளிவார். வாயைச் சுற்றி மரமரப்பு, காதில் இரைச்சல், நாக்கில் உலோகச் சுவை, படபடவென்ற பேச்சு என்று வந்தால் அது மருந்தின் நஞ்சு. உடனே நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வலிப்பு வந்தால் மிடாசோலம். 20% லிப்பிட் எமல்ஷன் (ரத்தத்தில் ஏற்றும் கொழுப்புக் கலவை) கையில் இருந்தால், சிரை வழியாகக் கிலோவுக்கு 1.5 மில்லி முதல் அளவு. உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைத்து, அழுத்தம் விழுந்தால் அது ஒவ்வாமை. 1:1000 அட்ரினலின் 0.5 மில்லி தொடையின் வெளிப்புறத் தசையில், வளர்ந்தவருக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கச் சுவரில் ஒரு தாள் ஒட்டிவை.

குழந்தைகள் நாளில் இன்னொன்று. பல் ஒரு மணி நேரத்தில் உணர்வு பெற்றுவிடும், உதடு மூன்று முதல் ஐந்து மணி நேரம் மரத்தே கிடக்கும். குழந்தை அதைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், மறுநாள் வீங்கிய வெள்ளைத் திட்டைப் பார்த்துச் சீழ் என்று பெற்றோர் பதறுவார்கள். போகும்போதே சொல்லி, எத்தனை மணிவரை கவனிக்க வேண்டும் என்று எழுதியும் கொடு.

உன் அறையில் உள்ள மருந்துகளின் சதவீதம், அட்ரினலின் விகிதம், கொள்ளளவு மூன்றையும் லேபிளைப் பார்த்து எழுதி அனுப்பு. 10 கிலோ முதல் 40 கிலோ வரை எடைவாரியாக அட்டவணை போட்டு அடுத்த கடிதத்தோடு வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்