நீல மையில் நான்கு பெயர்கள்: லீக் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னையில் எங்கள் வட்டாரக் கால்பந்து லீக்கை நடத்தும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். உங்களில் பாதிப் பேரோடு ஒரே டீமில் ஆடியிருக்கிறேன், மீதிப் பேரிடம் உதை வாங்கியிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன சீசன் கடைசி ஆட்டம். தோற்றால் நாங்கள் கீழ் டிவிஷன். விசிலுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது மேசையில் கிடந்த எதிர் டீம் பட்டியலை எட்டிப் பார்த்தேன். 18 பெயர்கள். 14 கறுப்பு மை, கடைசி 4 நீல மை. அந்த நாலு பேரில் இரண்டு பேர், 15 நாள் முன்னால் வேறு ஜெர்சியில் வந்து எங்களிடம் தோற்றுப் போனவர்கள். ஒருவன் ஷூலேஸ் கட்டிக்கொண்டே "வணக்கம்ணா" என்றான். மேசையில் இருந்தவரிடம் கேட்டேன். "என்ஓசி (பழைய டீம் கொடுக்கிற தடையில்லாக் கடிதம்) இருக்கு, ஃபீஸ் கட்டிட்டாங்க, ரூல்படி என்ன தப்பு?" என்றார். தப்பே இல்லை. நம் ரூலில் ஆள் பதிவதற்குக் கடைசித் தேதி என்று ஒன்று இருந்தால்தானே தப்பாகும்! ஐந்துக்குப் பூஜ்யம். அதில் நாலு கோல் நீல மை போட்டது.

தோற்ற வயிற்றெரிச்சல் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அதற்கு அப்புறம் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. எங்கள் பசங்க பிராக்டிஸுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். வருஷம் முழுக்க விடிகாலையில் எழுந்து ஓடினவனை விட, கடைசி வாரம் போன் வந்து போனவனுக்குத்தான் கோப்பையும் புது பூட்ஸும் என்றால் எவன் ஓடுவான்? இப்போது எல்லோரும் போனுக்காகக் காத்திருக்கிறார்கள். சனிக்கிழமை லீக், ஞாயிறு காலை ஏழு பேர் ஆடும் செவன்ஸ், சாயங்காலம் இன்னொரு ஏரியாவில் இன்னொரு பெயர். தொடைத் தசை பிடித்தாலும் கட்டுப் போட்டு ஆடுகிறான். ஒருவரை ஒருவர் தெரியாத 11 பேர் சேர்ந்தால் பாஸ் எங்கிருந்து வரும்? தூக்கி அடி, பின்னால் ஓடு, அவ்வளவுதான் ஆட்டம். தரம் குறைந்துவிட்டது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ரெஃப்ரியையும் தரையையும் திட்டுகிறோம். தரை முன்னாலும் இதே தரைதான்.

சம்பளம் வாங்காத அமெச்சூர் மட்டும் ஆடும் போட்டிகளுக்கு டிரான்ஸ்ஃபர் விண்டோ, அதாவது டீம் மாறுவதற்கான காலக்கெடு, கட்டாயமில்லை என்று ஃபிஃபா விதியைக் கூட்டத்தில் ஒருவர் படித்துக் காட்டினார். சரிதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த வரி, பதிவுத் தேதிகளை உரிய கால்பந்துச் சங்கமே குறிக்க வேண்டும், குறிக்கும்போது போட்டியின் நேர்மையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. அதே விதிகளில், ஒரு சீசனில் ஒருவர் அதிகபட்சம் 3 கிளப்பில் பதியலாம், ஆனால் பொதுவாக 2 கிளப்புக்குத்தான் ஆடலாம் என்றும் இருக்கிறது. சம்பளத்துக்கு ஆடுகிறவனுக்கே அந்தக் கட்டு உண்டு.

பதிவின் கடைசித் தேதியை மழையை வைத்துக் குறியுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் மைதானம் உளையாகிவிடும், மிச்ச ஆட்டங்கள் ஜனவரிக்குப் போகும். ஆள் பிடிக்கிற வேலை அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. மழைக்கு முன்னால் பட்டியலை மூடிவிட்டால், ஜனவரியில் அதே ஆட்கள்தான். கோல்கீப்பருக்கு அடிபட்டால் மட்டும் விலக்கு கொடுங்கள். மற்ற இடங்களில் ஆள் குறைந்தால் குறையட்டும், 7 பேர் இருந்தாலே ஆட்டம் தொடங்கலாம் என்றுதானே சட்டம்.

இப்போது என் தப்பு. ஆறு வருஷம் முன்பு, 17 வயதுப் பையன், லெஃப்ட் விங். மேல் டிவிஷன் டீம் ஒன்று கூப்பிட்டது, என்ஓசி கேட்டு வந்தான். நான் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு பந்தும் ஒரு செட் ஜெர்சியும் அந்த டீம் கொடுத்தால்தான் தருவேன் என்று கடிதத்தை என் அலமாரியிலேயே வைத்திருந்தேன். "நாளைக்கு வாடா" என்று எத்தனை முறை சொன்னேனோ. அவர்கள் வேறு ஆளைப் பதிந்துவிட்டார்கள். எங்களுக்கும் ஆட மனமில்லாமல் அந்த சீசன் வெளியே உட்கார்ந்தான். அப்புறம் காசிமேட்டில் மீன் லோடு ஏற்றப் போய்விட்டான். இன்றும் வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி "சாப்டியாண்ணா" என்பான். பந்தைப் பற்றி மட்டும் பேசமாட்டான்.

நாங்கள் வளர்த்தவன் என்ற வாதம் எனக்கும் தெரியும், அன்றைக்கு நானும் அதைத்தான் சொன்னேன். 12 வயதிலிருந்து 21 வரை பயிற்சி கொடுத்த கிளப்புக்கு ஈட்டுத்தொகை என்று ஃபிஃபா விதியில் ஓர் ஏற்பாடு உண்டு. அதைக் கொடுப்பது அவனை புரொஃபஷனலாக எடுக்கும் கிளப். பையனைப் பிணையாக வைத்து வாங்குவதில்லை. நம் நோட்டில் யார் எந்த வருஷம் எங்கே ஆடினான் என்ற பதிவே ஒழுங்காக இல்லாதபோது, நாம் எதைக் காட்டிக் கேட்பது? வியாசர்பாடி தனபால் கணேஷ் 2018 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக கோல் போட்ட ராத்திரி, "நம்ம பையன்" என்று நாம் எல்லோரும் குதித்தோம். அவர் கடிதமும் ஓர் அலமாரிக்குள் கிடந்திருந்தால் எதற்குக் குதித்திருப்போம்?

அதனால் சீசன் முடிந்த பிறகு கேட்கிற என்ஓசிக்கு ஏழு நாள் கெடு வையுங்கள். செயலாளர் கையெழுத்துப் போடாவிட்டால் லீக்கே கொடுத்துவிடட்டும். இதையும் மழைக்கு முந்தைய தேதியையும் பிரிக்காமல் ஒன்றாகவே கொண்டு வாருங்கள். தேதியை மட்டும் வைத்தால் என்னைப் போன்ற செயலாளர்கள் பையன்களைக் கட்டிப் போடுவார்கள். என்ஓசியை மட்டும் தளர்த்தினால் நீல மை இன்னும் கூடும்.

எங்கள் டீமில் 22 பேர். எல்லோருக்கும் தேதி போடாத என்ஓசியில் போன வாரம் கையெழுத்துப் போட்டு, அவரவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். மூன்று பேர் போய்விட்டார்கள். பதிவு தொடங்கும் முன் கூட்டம் வைத்தால் சொல்லுங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
வியாசர்பாடியில் ஒரு டீமின் செயலாளர், முன்னாள் லெஃப்ட் பேக்