சாயும் ரேக், எர்த் சேராத இரும்புச் சட்டம்: பொருத்துவேலை மீது புகார்

அனுப்புநர்
கணினி மற்றும் மின் பராமரிப்புப் பிரிவு,
கடல் உணவுப் பதப்படுத்தும் ஆலை,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
சேவைப் பிரிவு மேலாளர்,
சர்வர் ரேக் பொருத்தும் ஒப்பந்த நிறுவனம்,
மதுரை.

நாள்: 12.08.2025

பொருள்: சர்வர் ரேக் பொருத்தியதில் உள்ள ஆபத்தான குறைகள், உங்கள் செலவில் திருத்தித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். கடந்த மே மாதம் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் ஆலையில் கணினிக் கருவிகளை அடுக்கி வைக்கும் இரும்புச் சட்டமான ரேக் ஒன்றை (கீழிருந்து எண்ணும் 42 அடுக்குகள், அதாவது 42 யூ உயரம்) நிறுத்தி, இரண்டு சர்வர், ஒரு ஸ்டோரேஜ் (தரவுச் சேமிப்புப் பெட்டி), ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச், 3 கேவிஏ யுபிஎஸ், அதன் பேட்டரிப் பெட்டி ஆகியவற்றைப் பொருத்திக் கொடுத்தீர்கள். எல்லாம் ஓடுகிறது என்று எங்களிடம் கையெழுத்தும் வாங்கிச் சென்றீர்கள். இன்றும் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்த ரேக்கைத் திறந்து கை வைக்கும் ஆளின் உயிருக்கு அங்கே பாதுகாப்பு இல்லை. எங்கள் புகார் இதுதான்.

இந்த மாத முதல் வாரத்தில் ஒரு சர்வருக்கு ரேம் மாற்ற உங்கள் பொறியாளர் வந்தார். கேபிளையும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று இரண்டு சர்வர்களையும் ஒரே நேரத்தில் ரெயிலில் (சர்வர் உள்ளும் வெளியும் ஓடும் தண்டவாளம்) முழுநீளத்துக்கு இழுத்தார். ரேக் முன்பக்கம் சாய்ந்தது. பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. பக்கத்தில் நின்ற எங்கள் ஆட்கள் இருவர் தோள் கொடுத்துத் தாங்கியதால் யாருக்கும் அடிபடவில்லை. அவர்கள் அங்கே இல்லாதிருந்தால் மேலே உள்ள பேட்டரிப் பெட்டியோடு மொத்த ரேக்கும் அவர் மேல்தான் விழுந்திருக்கும். அதன்பிறகு ரேக்கை அடி முதல் நுனி வரை சோதித்தோம். கண்டவற்றை எழுதுகிறோம்.

சாய்ந்ததற்கான காரணம் ஒன்றல்ல. 1 முதல் 20 யூ வரை ரேக் காலி. சர்வர்கள் 24-லும் 27-லும், யுபிஎஸ் 31-லும், பேட்டரிப் பெட்டி 34-லும் இருக்கின்றன. 16 பேட்டரிகள் கொண்ட அந்தப் பெட்டி ஏறத்தாழ 50 கிலோ. அது தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. மின் இணைப்பு மேலிருந்து வருகிறது, கேபிள் கீழே எட்டவில்லை, அதனால் இப்படி வைத்தோம் என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். கேபிள் எட்டவில்லை என்றால் நீளமான கேபிள் வாங்க வேண்டும். கனமானது அடியில், இலகுவானது மேலே, அடியிலிருந்தே ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பது ரேக் வேலையின் முதல் பாடம்.

ரேக் இன்னும் சக்கரத்தின் மேல்தான் நிற்கிறது. சக்கரம் ரேக்கை அறைக்குள் உருட்டிக் கொண்டுவருவதற்கு மட்டும். இடத்தில் நிறுத்தியதும் நான்கு மூலையிலும் உள்ள மட்டக்கால்களைத் திருகி இறக்கி, சக்கரம் கையால் சுழலும் அளவுக்கு எடை முழுவதும் கால்களில் இறங்க வேண்டும். எங்கள் அறை முன்பு கழுவும் கூடமாக இருந்தது. தண்ணீர் வடிகாலுக்கு ஓடுவதற்காகத் தரையே ஒரு பக்கம் சரிவு. சரிவு ரேக்கின் முன்பக்கம் நோக்கி என்பதைத் தரையில் ரசமட்டம் வைத்தாலே பார்க்கலாம். இடம் பார்க்க வந்தபோது இதை உங்களிடம் சொல்லியிருந்தோம். முன்சாய்வைத் தடுக்கும் இரும்புத் தாங்கிகள் எங்கே என்று தேடியபோது, ரேக்கின் கூரைமேல், நான்கு போல்ட்டுகளோடு, பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தன. மேலே தூசி, அடியில் ரேக் கம்பெனியின் பொருத்தும் தாள். அந்தத் தாளிலேயே, தாங்கியைப் பொருத்தாமல் எந்தக் கருவியையும் வெளியே இழுக்கக் கூடாது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே இழுக்க வேண்டும் என்று படத்தோடு இருக்கிறது.

இரண்டாவது சர்வர் உள்ளே போகும்போது பாதியில் இறுகி நிற்கிறது. ரெயிலைக் கழற்றாமலே காரணம் தெரிகிறது. ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர், அதற்குள் மூன்று துளைகள். துளைகளுக்கு இடையே 15.9, 15.9, பிறகு 12.7 மில்லிமீட்டர் என்று இடைவெளி மாறி மாறி வரும். நெருங்கி இருக்கும் அந்த 12.7 இடைவெளியின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது. உங்கள் ஆட்கள் சட்டத்தில் அச்சிட்ட எண்ணைப் பார்க்காமல் துளையைக் கண்ணால் எண்ணியிருக்கிறார்கள். இடது ரெயிலின் பின்முனை ஒரு துளை மேலே ஏறிவிட்டது. 28 கிலோ சர்வர் கோணலாக ஓடி, ரெயிலில் உருளும் குண்டுகளைத் தாங்கும் கூடு நசுங்கிவிட்டது. நசுங்கிய ரெயிலில் கடைசிப் பூட்டு விழுவதில்லை. அப்படியே இழுத்தால் சர்வர் கையோடு வந்துவிடும். அந்த ஜோடி ரெயிலைத் தட்டி நிமிர்த்தக் கூடாது, புதிதாகவே வேண்டும்.

அடுத்தது எர்த். எங்களை மிகவும் கலங்க வைத்தது இதுதான்.

ரேக்கின் எர்த் கம்பியை லக் (கம்பி முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்துச் சட்டத்தில் போல்ட் போட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு எல்லாம் சரி. போல்ட்டைக் கழற்றினால் அடியில் கறுப்புப் பவுடர் பெயின்ட் அப்படியே இருக்கிறது, ஒரு கீறல்கூட இல்லை. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ரேக் சட்டத்துக்கும் எர்த் பட்டைக்கும் இடையே 0.1 ஓமுக்குமேல் இருக்கக் கூடாது. மீட்டர் 140 ஓம் காட்டியது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் எர்த் பின்னல் கம்பியே இல்லை. கீல் வழியாகத் தொடர்பு இருக்கும் என்று விட்டிருக்கிறீர்கள், கீலிலும் பெயின்ட்தான். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 11 வோல்ட் இருந்தது. எங்கள் ஆலையின் எர்த் குழி பக்கம் சோதித்துவிட்டோம், அங்கே பழுதில்லை. மற்ற அறைகளில் இதே அளவு 2 வோல்ட்டுக்குள்தான். பழுது ரேக்கிற்கு வரும் வழியில் இருக்கிறது.

இது ஏன் ஆபத்து என்றால், சர்வரின் ஒவ்வொரு பவர் சப்ளையிலும் இரைச்சலை வடிகட்ட லைனுக்கும் எர்த்துக்கும் இடையே சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. பழுதில்லாத கருவியிலும் அதன் வழியே ஓரளவு மின்சாரம் எர்த்துக்குக் கசியும்; அது இயல்பு. ஒரு பவர் சப்ளைக்கு 1 மில்லி ஆம்பியர் என்றே கொண்டாலும், எங்கள் ரேக்கில் உள்ள ஏழுக்கும் சேர்த்து 7. எர்த் நன்றாக இருந்தால் அது கம்பி வழியே போய்விடும். எர்த் அறுந்தால் ரேக்கைத் தொடும் ஆள் வழியே போகும். சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கையை விடுவிக்க முடியாமல் தசை இறுகும். மீன் கூடத்திலிருந்து ஈரக் கையோடும் ஈரக் காலோடும் ஆட்கள் வந்துபோகிற ஆலை இது.

அந்த ஏழு பவர் சப்ளைக்கும் நீங்கள் கொடுத்தது இரண்டு 6 ஆம்பியர் ஸ்பைக் போர்டு. இரண்டாவது போர்டை முதல் போர்டிலேயே சொருகியிருக்கிறீர்கள். எல்லாம் சேர்ந்து சாதாரணமாக 1,150 வாட் இழுக்கிறது. 230 வோல்ட்டில் அது 5 ஆம்பியர். தொடர்ந்து ஓடும் சுமை போர்டின் அளவில் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அதாவது 4.8 ஆம்பியர். மின்சாரம் போய் வரும்போது எல்லா டிஸ்க்கும் மின்விசிறியும் ஒருசேரக் கிளம்புவதால் சுமை இன்னும் ஏறும். முதல் போர்டின் பிளக் அடி பழுப்பேறி வளைந்திருக்கிறது. எர்த் பின்னின் பித்தளை பச்சை பூத்திருக்கிறது. ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு பவர் சப்ளை வாங்கியது ஒரு வழி போனால் மறுவழி தாங்கட்டும் என்பதற்காக. இரண்டையும் ஒரே பிளக்கில் கொண்டுபோய் முடித்தால் அந்தச் செலவு வீண்.

இன்னொன்றும் உங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அன்றைக்கு உங்கள் பொறியாளர் ஒரு பவர் கார்டை மட்டும் உருவிவிட்டு மூடியைத் திறந்தார். மற்ற கார்டு சொருகியிருக்கும்வரை சர்வரின் உள்ளே சர்க்யூட் போர்டில் மின்சாரம் இருக்கும். இரண்டையும் உருவிய பிறகே திறக்க வேண்டும். நிலைமின்சாரம் கருவியைத் தாக்காமல் இருக்க மணிக்கட்டுப் பட்டை கட்டியிருந்தார், ஆனால் அதன் கிளிப்பைப் பெயின்ட் அடித்த கதவில் மாட்டியிருந்தார். அதை வெறும் உலோகத்தில் மாட்டினால்தான் பயன். யுபிஎஸ்ஸை இடம் மாற்றும்போது மெயினை அணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். எட்டு எட்டாகத் தொடர்ந்த பேட்டரிகளில் 96 வோல்ட் டிசி எப்போதும் இருக்கிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, முனையை மூடிய பிறகே தூக்க வேண்டும்.

காற்றோட்டம் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறோம். முன்கதவு கண்ணாடி. ஏசியில் 24 டிகிரி வைத்தும் சர்வரின் முகத்தில் 38 டிகிரி இருக்கிறது. தயாரிப்பாளர் அனுமதிப்பது 35. காலி யூக்களில் மூடுபலகை இல்லாததால் பின்பக்கச் சூடு சுற்றிக்கொண்டு முன்னால் வருகிறது. ஏசி நேர் மேலே இருக்கிறது, அதன் வடிகுழாய் அடைத்தால் தண்ணீர் ரேக்கின்மேல்தான் சொட்டும். கூரைத் தகட்டில் இப்போதே இரண்டு சொட்டுத் தடம் காய்ந்திருக்கிறது.

சூட்டைக் குறைக்க என்று நீங்கள் தெற்குச் சுவரில் வைத்த எக்சாஸ்ட் மின்விசிறிதான் பெரிய தவறு. அது அறைக் காற்றை வெளியே தள்ளத் தள்ள, கதவிடுக்கு, கேபிள் துளை வழியாகக் கடற்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும்போது உப்புத் துளி எவ்வளவு வரும் என்று இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உலோகம் அரிப்பதை ஆராயக் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையம் மண்டபத்தில் தனிக் கூடம் வைத்திருக்கிறது. இந்த ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கு அரிப்பைத் தாங்கும் துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். சாதாரண உப்பு 75 விழுக்காடு ஈரப்பதத்தில்தான் நீர்க்கத் தொடங்கும். கடல் உப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே சர்க்யூட் போர்டில் படிந்த உப்பு ஏசி அறையிலும் முழுதாகக் காய்வதில்லை. ஈரமும் மின்சாரமும் சேர்ந்து செம்பைத் தின்கின்றன. மூன்றே மாதத்தில் உங்கள் நாகமுலாம் கேஜ் நட்டுகளில் (ரேக் துளையில் மாட்டும் நட்டுகள்) பாதி பழுப்பேறி, இரண்டு திருகு கழலவே மாட்டேன் என்கிறது.

நாங்கள் கேட்பது இதுதான். ரேக்கில் உள்ளதை முழுதும் இறக்கி வைத்து, மட்டக்கால் இறக்கி, ரசமட்டத்தை முன்பின்னும் பக்கவாட்டிலும் வைத்துப் பார்த்து, தாங்கிகளைப் பொருத்தித் தரையில் ஆங்கர் போல்ட் போடுங்கள். அதன்பின் பேட்டரிப் பெட்டி 1-லும், யுபிஎஸ் 4-லும், அதற்குமேல் ஸ்டோரேஜ், சர்வர்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஸ்விட்ச் என்று ஏற்றுங்கள். சர்வரைத் தூக்க இரண்டு பேர் வர வேண்டும். பவர் சப்ளையின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. எர்த் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, 6 சதுர மில்லிமீட்டர் கம்பி, தகரமுலாம் பூசிய லக், பல் வாஷர் வைத்து இறுக்கி, இறுக்கிய பிறகு மூட்டின்மேல் கிரீஸ் பூசுங்கள். பூசாவிட்டால் சுரண்டிய இரும்பு இங்கே சில நாளில் துருவேறிவிடும். கதவு இரண்டுக்கும் பின்னல் கம்பி வேண்டும். ஸ்பைக் போர்டுகளை எடுத்துவிட்டு, 16 ஆம்பியர் ரேக் மின்பட்டை இரண்டைத் தனித்தனி எம்சிபியிலிருந்து (சுமை மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச்) கொடுங்கள்: ஒன்று யுபிஎஸ் வழி, மற்றது நேர் வழி. ஒவ்வொன்றும் தனியாகவே மொத்தச் சுமையையும் தாங்குகிறதா என்று மாறி மாறி அணைத்துக் காட்ட வேண்டும். முன்கதவுக்கு வலைக்கதவு, காலி இடங்களுக்கு மூடுபலகை, துருப்பிடிக்காத எஃகு நட்டுகள் வேண்டும். மின்விசிறித் துளையையும் கேபிள் துளைகளையும் அடைத்து, ஏசியைப் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள்.

ஒப்பந்தத்தின் 2-ஆம் பக்கத்தில் பொருத்துவேலை தயாரிப்பாளர் வழிமுறைப்படி இருக்கும் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே இதற்குத் தனிக் கட்டணம் தர முடியாது. நிறுத்திவைத்துள்ள 20 விழுக்காட்டுத் தொகை, எர்த் ஓம் அளவு, நியூட்ரல்-எர்த் வோல்ட், இரு மின்வழிச் சுமை, சர்வர் முகப்பு வெப்பநிலை ஆகியவற்றை எங்கள் முன்னிலையில் அளந்து எழுதிக் கையெழுத்திட்ட பிறகே விடுவிக்கப்படும்.

தடைக்காலம் முடிந்துவிட்டதால் குளிர்கிடங்கு வெப்பப் பதிவும் எடைக் கணக்கும் இந்தச் சர்வரில்தான் ஓடுகின்றன. படகுகள் கடலுக்குப் போகாத நாள் ஒன்றில், இரவு 8 மணி முதல் காலை 5 மணி வரை நிறுத்தித் தர முடியும். எந்த நாள் என்பதை 3 நாள் முன்னதாகச் சொல்கிறோம். இக்கடிதம் கிடைத்த 10 நாளுக்குள் உங்கள் ஆட்களின் பெயர்ப்பட்டியலும் பொருள் பட்டியலும் எங்களுக்கு வர வேண்டும். வேலை முடியும்வரை உங்கள் ஆட்கள் உட்பட யாரும் எந்தச் சர்வரையும் வெளியே இழுக்கக் கூடாது என்று ரேக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இணைப்பு: படங்கள் 14, அளவீட்டுத் தாள் 1.

இப்படிக்கு,
கணினி மற்றும் மின் பராமரிப்புப் பிரிவினர்