கேட் மாடலுக்கு டெக்ஸ்சர் இட அன்ராப் கட்டாயமில்லை

ஆசிரியருக்கு,

தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியான முப்பரிமாணக் காட்சிப்படுத்தல் கட்டுரை, டெக்ஸ்சர் (பரப்பின் மேல் ஒட்டும் படம்) இட, யூவி (படத்தின் எந்த இடம் பரப்பில் எங்கே விழும் என்று சொல்லும் அளவைகள்) இல்லாத மாடலை முதலில் அன்ராப் செய்தாக வேண்டும், அதாவது அதன் பரப்பைத் தட்டையாக விரித்தாக வேண்டும் என்கிறது. கேம் கதாபாத்திரத்துக்கு அது பொருந்தும். கேட் (கணினி வழி வடிவமைப்பு) மென்பொருளில் வரைந்த இயந்திர பாகத்துக்கோ மரச்சாமானுக்கோ அதையே விதியாக்கினால், கற்பவர்கள் தேவையே இல்லாத வேலையில் நாள்கணக்கில் மாட்டிக்கொள்வார்கள்.

கேட் மாடல்களைப் பரிமாறும் ஸ்டெப் கோப்பில் இருப்பவை கணித வளைபரப்புகள். அவற்றை முக்கோணங்களாக உடைப்பது இறக்குமதியின்போதுதான். ஒவ்வொரு பரப்புக்கும் தனக்கென யூ, வி அளவைகள் உண்டு என்றாலும், அவற்றின் நீளமும் திசையும் பரப்புக்குப் பரப்பு மாறும். அவற்றையே டெக்ஸ்சருக்குப் பயன்படுத்தினால் ஒரு முகத்தில் மர ரேகை தடித்தும், ஒட்டிய ஃபில்லெட்டில் (உருட்டிய விளிம்பில்) நூலாகவும் தெரியும். முக்கோணங்களை மட்டும் வைத்திருக்கும் எஸ்டிஎல் கோப்பில் யூவி எழுத இடமே கிடையாது. இன்னொன்று, கேட் வடிவமைப்பு அடிக்கடி திருத்தப்படும். கையால் விரித்த யூவி அடுத்த இறக்குமதியோடு போய்விடும். மெட்டீரியலுக்குள் (பரப்பின் தோற்ற அமைப்புக்குள்) அமைத்த, படத்தை மாடல்மேல் வீழ்த்தும் புரொஜெக்‌ஷன் நிலைக்கும். அதனால் கற்பிக்க வேண்டிய முதல் பாடம் புரொஜெக்‌ஷன்தான்.

பெரும்பாலான பாகங்களுக்கு பாக்ஸ் புரொஜெக்‌ஷன் போதும். படத்தை மூன்று அச்சுகளின் வழியே வீழ்த்தி, ஒவ்வொரு முகமும் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதற்கேற்ற வீழ்த்தலைத் தேர்ந்துகொள்ளும் முறை இது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில், டெக்ஸ்சர் கோஆர்டினேட் நோடின் (மெட்டீரியலை அமைக்க ஒன்றோடொன்று இணைக்கும் கட்டங்களில் ஒன்று) 'ஆப்ஜெக்ட்' வெளியீட்டை மேப்பிங் நோடு வழியாக இமேஜ் டெக்ஸ்சருக்குக் கொடுத்து, 'ஃபிளாட்' என்பதை 'பாக்ஸ்' ஆக்கி, பிளெண்ட் மதிப்பை (வீழ்த்தல்கள் ஒன்றோடொன்று கலக்கும் அளவை) 0.2 அளவில் வையுங்கள். பிளெண்ட் 0 ஆக இருந்தால் 45 டிகிரி சாய்ந்த ஃபில்லெட்டுகளில் வெட்டுக்கோடு தெரியும். 'ஜெனரேட்டட்' வெளியீட்டை எடுக்காதீர்கள். அது பாகத்தின் எல்லைப் பெட்டியை 0 முதல் 1 வரை நீட்டிவிடும்; 1200 மி.மீ. நீளமும் 100 மி.மீ. அகலமும் உள்ள பலகையில் படம் 12 மடங்கு இழுபடும். கீஷாட் என்ற காட்சிப்படுத்தல் மென்பொருளிலும் பாக்ஸ் மேப்பிங் உண்டு. த்ரீடிஎஸ் மேக்ஸில் யூவிடபிள்யூ மேப் மாடிஃபையர் இதே வேலையைச் செய்யும்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது அலகில். கேட் கோப்பு மில்லிமீட்டரில் இருக்கும். பிளெண்டர் மீட்டரில் எண்ணும். மாற்றாமல் கொண்டுவந்தால் 300 மி.மீ. தகடு 300 மீட்டராகி, படம் 300 முறை திரும்பி வரும். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் புள்ளி இரைச்சல். 0.001 என்று சுருக்கினால் மட்டும் போதாது, அந்த ஸ்கேலை 'அப்ளை' செய்ய வேண்டும். ஆப்ஜெக்ட் கோஆர்டினேட் பாகத்தின் உள் அளவைத்தான் படிக்கும், வெளியே கொடுத்த ஸ்கேலைப் படிக்காது. பிறகு கணக்கு எளிது: படம் நிஜத்தில் 500 மி.மீ. அகலத்தைக் காட்டினால் மேப்பிங் ஸ்கேல் 1 ÷ 0.5, அதாவது 2.

அடுத்தது ரேகையின் திசை. அசெம்பிளியை (பல பாகங்கள் சேர்ந்த மாடலை) மாற்றும்போது எல்லாப் பாகங்களின் ஆரிஜினும் (அச்சுகள் தொடங்கும் புள்ளியும்) அசெம்பிளியின் பூஜ்யத்திலேயே, ஒரே அச்சுத் திசையோடு வந்து நிற்பது வழக்கம். மேசையின் காலும் குறுக்குச் சட்டமும் ஒரே திசையில் ரேகை காட்டுவது இதனால்தான். மேப்பிங் நோடில் 90 டிகிரி சுழற்றிப் பார்க்கத் தோன்றும். அப்படிச் செய்தால் சில முகங்களில் படம் கோடு கோடாக இழுபடும். கோஆர்டினேட் சுழன்றாலும், எந்தப் பக்கம் என்று பாக்ஸ் முடிவு செய்வது பாகத்தின் சொந்த அச்சுகளை வைத்துத்தான். சரியான வழி, டூல் ஆப்ஷன்ஸில் 'அஃபெக்ட் ஒன்லி ஆரிஜின்ஸ்' போட்டுப் பாகத்தின் அச்சையே ரேகையின் போக்குக்குத் திருப்புவது. மரத்தில் வெட்டுமுகமும் தெரியும் என்றால் படத்தை விட்டுவிட்டு கணக்கீட்டால் உருவாகும் முப்பரிமாண புரொசீஜரல் மரத்தைப் பயன்படுத்துங்கள். பக்கத்தில் ரேகையும் முனையில் ஆண்டு வளையமும் தாமாகவே பொருந்தும். பாக்ஸால் அது முடியாது.

உருளைப் பாகங்களுக்கு சிலிண்ட்ரிக்கல் மேப்பிங். திரும்பும் எண்ணிக்கை முழு எண்ணாக இல்லாவிட்டால் இணையும் இடத்தில் தையல் தெரியும். 40 மி.மீ. விட்டக் கைப்பிடியின் சுற்றளவு 125.66 மி.மீ.; நர்லிங் (பிடிக்கான சொரசொரப்பு வரி) படம் 25 மி.மீ. அகலம் என்றால் 5.03 முறை வரும். அதை 5 ஆக்குங்கள், படம் 25.13 மி.மீ. ஆகும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இருபக்க மூடிகளில் படம் ஆரம் ஆரமாக நீளும் என்பதால் அவற்றுக்குத் தனி மெட்டீரியல் வையுங்கள். லோகோவை பிளானரில் (ஒரே திசையில்) வீழ்த்தினால் பின்பக்கத்திலும் இடவலம் மாறித் தெரியும். முன்முகத்துக்கு மட்டும் அந்த மெட்டீரியலைக் கொடுங்கள்.

டாஞ்சென்ட் வகை நார்மல் மேப் (மேடு பள்ளம் இருப்பதுபோல ஒளியைத் திருப்பும் படம்) பற்றிக் கட்டுரை எதுவும் சொல்லவில்லை. அதன் திசை யூவியிலிருந்து பிறப்பது. யூவி இல்லாமல் போட்டால் ஒளி சரியாக விழாது. உயரப் படத்தை பம்ப் நோடில் கொடுத்தால் யூவி தேவைப்படாது. கடைசலில் செதுக்கிய உலோகத்தின் வட்டப் பளபளப்புக்கு டாஞ்சென்ட் நோடில் 'ரேடியல்' வைத்து, சுழல் அச்சைத் தேர்ந்தால் போதும்.

யூவி உண்மையிலேயே வேண்டிய இடங்களும் உண்டு: இணையக் காட்சிக்கான ஜிஎல்டிஎஃப் கோப்பு, ஒளியைப் படமாக பேக் செய்வது (கணக்கிட்டுப் பதித்துவைப்பது), தையலோடு வளைந்து செல்லும் தோல் இருக்கை. அங்கேயும் நேரடியாக, தானாக விரிக்கும் 'ஸ்மார்ட் யூவி'யை அழுத்தக் கூடாது. பரப்புகளின் விளிம்புப் புள்ளிகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் வருவதால் ஒவ்வொரு பரப்பும் தனித் தீவாகிவிடும். முதலில் ஒரு நகல் எடுத்துவைத்து, நெருங்கிய புள்ளிகளை இணைக்கும் 'மெர்ஜ் பை டிஸ்டன்ஸ்' 0.01 மி.மீ. கொடுத்துப் பிறகு விரியுங்கள். இணைத்தபின் வளைவுகளில் கறை படிந்ததுபோல நிழல் விழுந்தால், கேட் தந்த நார்மல்கள் (பரப்பு பார்க்கும் திசைகள்) குலைந்துவிட்டன என்று பொருள். நகலிலிருந்து டேட்டா டிரான்ஸ்ஃபர் மாடிஃபையரின் 'கஸ்டம் நார்மல்ஸ்' மூலம் அவற்றைத் திரும்பக் கொண்டுவரலாம்.

தயாரிப்புக் காட்சிப்படுத்தல் பணியில் உள்ள வாசகர்கள்